ஆஸ்பத்திரிக்குச் சீட்டுக்கட்டு

பெரார்கஞ்சிலிருந்து போர்ட் பிளேர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் அண்ணியும் அவளுடைய நாத்தனாரும் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் கஞ்சித் தூக்கு.

"கஞ்சி ஆறினா ஆறட்டும், சீட்டுக்கட்டை எடுத்தியா?" என்று அண்ணி கேட்டதும் என் தூக்கம் போய்விட்டது.

"எடுத்தேன் அண்ணி. சாகக் கிடக்கிற அப்பாவுக்குச் சீட்டுக்கட்டான்னு பக்கத்து வீட்டு பெங்காலி அக்கா தலையில அடிச்சுக்கிச்சு."

"மாமாவுக்கு எதுக்குடி? அது அந்தப் பெரிய ஆபீசரோட அப்பாவுக்கு. டாக்டர் ரெண்டு பேருக்குமே கையை விரிச்சுட்டாரு. ஆனா அவருக்கு ஃபேன் போட்ட தனி ரூம், வலிக்கு ஊசி. நம்ம மாமாவுக்கு வராண்டா. ஊசி கேட்டா, மெயின்லேண்ட்லேருந்து கடல் தாண்டி ஜஹாஜ் வரணுமாம்."

"அவர் ரூமுக்கு மட்டும் ஜஹாஜ் வந்துருச்சாக்கும்?"

"அதக் கேக்காத. ஆனா அவருக்குத் தனியாப் படுத்துப் போரடிச்சுப் போச்சு. வராண்டாவுல மத்த நோயாளிங்க கிழிஞ்ச சீட்டுல ரம்மி ஆடுற சத்தம் கேட்டு நேத்து எழுந்து வந்துட்டாரு. 'நீ என் கட்டில்ல போய்ப் படுத்துக்கோ'ன்னு மாமாவை அனுப்பிட்டாரு. நர்ஸு வந்தா, மூஞ்சியைப் பாக்கல. கட்டிலைப் பாத்து ஊசியைப் போட்டுட்டுப் போயிட்டா."

"அப்புறம்?"

"ஒரு மாசமா முனகுன மனுசன் குறட்டை விட்டாருடி."

"ஐயோ, அந்தப் பெரியவருக்கு வலிக்கலையா?"

"கேட்டேனே. 'ஜெயிக்கிறப்போ வலி தெரியலம்மா'ன்னாரு."

"அப்ப இன்னிக்கும் ஜெயிக்கணுமே அண்ணி!"

"சொல்லி வச்சாச்சு. வராண்டாவே தோக்கத் தயாரா இருக்கு. நாளைக்கு அந்தக் கட்டில் வராண்டாவுல மாமாவுக்குப் பக்கத்துல முனகுற தெலுங்குத் தாத்தாவுக்கு."