படத்தில் விழுந்த முழங்கை

— "பனி இளகத் தொடங்கும் இந்நாள்களில், தலைமையாசிரியர் அவர்களும் மாணவச் செல்வங்களும் நலமுடன் இருப்பீர்கள் என நம்புகிறேன்." இதுவரைக்கும் சரியா, மிசாவோ?

— நல்லாத்தான் இருக்குங்க. அடுத்து என்ன எழுதியிருக்கீங்களோன்னுதான் பயமா இருக்கு.

— "தங்கள் உணவுக்கூடச் சுவரில் என் மனைவியின் படத்தை மாட்டியிருப்பது எங்கள் குடும்பத்துக்குப் பெருமை. ஆயினும், அப்படத்தின் இடது ஓரத்தில் காணப்படும் முழங்கை என்னுடையது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

— அடக் கடவுளே! கீழே "இப்படிக்கு, குவபாரா கென்சாகு, முழங்கைக்காரர்"னு கையெழுத்துப் போடுவீங்களா?

— கேலி பண்ணாத. முறைன்னு ஒண்ணு இருக்கு. உனக்கு இடுப்பு வலின்னு நேத்துக் காலைல நான் கேரட் பெட்டியப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போனேன்ல? ஒரு சின்னப் பொண்ணு, ரெண்டாம் வகுப்பு இருக்கும், "தாத்தா, நீங்க மிசாவோ அம்மாவோட டிரைவரா?"ன்னு கேக்குது.

— நீங்க என்ன சொன்னீங்க?

— ஆமான்னேன். வேற என்னத்தச் சொல்ல?

— நல்லவேளை, எங்கிட்ட சம்பளம் கேக்கல.

— தினம் மத்தியானம் ஒலிபெருக்கில வேற சொல்வாங்களாமே? "இன்னைக்கு சூப்புல இருக்குற கேரட் மிசாவோ அம்மா தோட்டத்துது"ன்னு. ஆகஸ்ட் வெயில்ல விதை போட்டது யாரு? அது மேல மூடுன பனியை மெஷின் வெச்சுத் தள்ளுறது யாரு?

— நீங்கதான்.

— அப்ப?

— அப்ப, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நகராட்சிக்காரங்க குடுத்த படிவத்தைக் கசக்கிப் போட்டது யாருங்க? உள்ளூர்க் காய் வாங்குனா பள்ளிக்கூடத்துக்கு ஆகுற கூடுதல் விலைய நாங்க தர்றோம்னு வீடு தேடி வந்தாங்க. தோல் சீவுற மெஷின்ல மாட்டிக்கும், கோணல் இல்லாம ஒரே அளவா வேணும்னு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டைப் பாத்துக்கிற இகராஷி டீச்சர் சொன்னதுக்கு, "கேரட்டுக்கும் யூனிஃபார்மா?"ன்னு கத்துனது யாரு?

— அது ஒரு பேச்சுக்குச் சொன்னது.

— அந்தப் படிவத்தை நான் எடுத்து, நீவி, என் பேரை எழுதுனேன்.

— எழுது, வேணாங்கல. ஆனா படம் எடுத்த அந்த டீச்சருக்குக் கண்ணு எங்க போச்சு? ரெண்டு பேரும் ஒட்டித்தான நின்னோம்? ஒவ்வொரு பிள்ளை தட்டுலயும் எவ்வளவு சத்து போகுதுன்னு அளக்கத் தெரியுது, ஒரு ஆளை முழுசாப் படம் எடுக்கத் தெரியல! நாளைக்கு இந்தக் கடிதத்தோட நேரா தலைமையாசிரியர்கிட்டயே போறேன். படத்தை மாத்துற வரைக்கும் பனி தள்ளுற மெஷினைத் தொட மாட்டேன்.

— காலைல எட்டு மணிக்கு நாப்பது கிலோ கேரட் அங்க இருக்கணுங்க! அது மேல பனி இன்னும் நெஞ்சளவு கெடக்கு. அடுத்த வருஷத்துக்குக் காய் குடுக்கப்போறது யார் யாருன்னு இந்த வாரந்தான் பட்டியல் போடுறாங்க. ஒரு நாள் தவறுனாலும் நம்ம பேரை அடிச்சிருவாங்க.

— நம்ம பேரா? உன் பேரு.

— சரி, என் பேருதான். அது போயிருங்க.

— போகட்டுமே.

— மண்வெட்டிய வாசல்ல எடுத்து வெச்சாச்சு. நீங்க வரலைன்னா நானே தோண்டுறேன். இடுப்பு ஒடிஞ்சாலும் சரி. ஆனா டீச்சரை மட்டும் ஒண்ணும் சொல்லிறாதீங்க.

— அவங்களுக்கு நீ எதுக்கு வக்காலத்து வாங்குற?

— அந்தச் சுவத்தைப் பாருங்க. எத்தனை பாராட்டுப் பத்திரம் தொங்குது?

— ஒன்பது. அரிசிப் போட்டில ஒன்பது தடவை ஜெயிக்கிறதுன்னா சும்மாவா!

— எத்தனைல என் பேரு இருக்கு?

— பத்திரத்துல ஒரு பேருதான் போடுவாங்க. முறைன்னு...

— ...ஒண்ணு இருக்கு. தெரியும். எழுநூறு நாத்துத் தட்டுக்கும் தண்ணி ஊத்துனவ நான். முதல் தடவை பரிசு வாங்குன அன்னைக்கு, படம் எடுக்கறவன் "அம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம் நகந்துக்கோங்க"ன்னான். நான் நகந்தேன், நீங்க நேராப் பாத்துச் சிரிச்சீங்க.

— அது எந்தக் காலத்துக் கதை! அதுக்கும் இந்த டீச்சருக்கும் என்ன சம்பந்தம்?

— டீச்சர் ரெண்டு பேரையும் முழுசாத்தான் எடுத்தாங்க. அந்த நீலத் தொப்பியோட நீங்க என்னைவிட நல்லா விழுந்திருந்தீங்க. "வீட்டுல பாத்துட்டு, புடிச்சிருந்தா திருப்பிக் குடுங்க, மாட்டிரலாம்"னு படத்தை எங்கிட்ட குடுத்தாங்க.

— அப்புறம்?

— கத்தரிக்கோல் எடுத்தேன். முழங்கை மட்டும் என்னோட ஒட்டிட்டிருந்துச்சு, வெட்ட வரல.

— மிசாவோ... மீதிப் படம் எங்க?

— அந்த முதல் பரிசுப் பத்திரத்துக்குப் பின்னாடி சொருகி வெச்சிருக்கேன். இருபத்தேழு வருஷமா நான் நின்னுட்டிருந்த எடத்துல.