படுத்த எருதுக்கு ஒரு நவநாள்

டீ நன்றாக இருந்தது, இன்ஸ்பெக்டர் மேடம். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, கேளுங்கள், எதையும் மறைக்கும் உத்தேசம் எனக்கில்லை.

பென்னாகரம் பக்கம் ஒரு எருதாட்டத்தில், அவிழ்த்துவிட்ட எருது ஓடாமல் நடுக்களத்தில் படுத்து அசைபோட்ட வீடியோவைப் பார்த்து நீங்களும் சிரித்திருப்பீர்கள். அதன் படத்தைப் போட்டு மீம் காயின் ஒன்றை, அதாவது கேலிக்காக உருவாக்கி ஆன்லைனில் வாங்கி விற்கும் கிரிப்டோ நாணயத்தை, தொடங்கியவன் நான்தான். பெயர் 'படுத்த எருது'. அரை மணி நேர வேலை. அது பெரிய வித்தை இல்லை. வந்த ஆட்களைத் தங்க வைப்பதுதான் வித்தை.

பெங்களூரில் வேலை பார்த்தபோது இப்படிப்பட்ட ஆன்லைன் குழுக்கள் பலவற்றில் இருந்திருக்கிறேன். விலை ஏறும்போது ஆயிரம் பேர் 'குடும்பம், குடும்பம்' என்பார்கள். இறங்கினால் மூன்றே நாளில் ஈ காக்கை இருக்காது. என்னை வேலையிலிருந்து எடுத்தபோது அந்தக் குடும்பத்தில் ஒருவர்கூடப் போன் செய்து கேட்கவில்லை. அந்த ஜென்மங்கள் மீது எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. நான் கட்டுவது அப்படிக் கலைந்து போகக் கூடாது என்று முடிவு செய்தேன்.

வழி ஊரிலேயே இருந்தது. எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் அன்பியம் என்று ஒன்று உண்டு. இருபது முப்பது குடும்பங்கள், வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபம் சொல்லி, ஒருவர் கஷ்டத்தை மற்றவர் கேட்பார்கள். அதே மாதிரி, காயின் வாங்கிய ஊர்க்காரர்களுக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வீட்டில் எங்கள் கூட்டம். செபம், சுண்டல், பிறகு போனில் விலை பார்ப்பது. சென்றாயன் அண்ணன் இந்துதான். அவரும் கைகூப்பி உட்காருவார். விதி ஒன்றே ஒன்று: விற்க நினைப்பவர் அதைக் கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டும். அத்தனை பேர் முகத்தையும் பார்த்து அதைச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

ராஜமேரி அக்காவுக்கு வந்தது. நகையை விற்றுக் காயினில் பணம் போட்டவர். போனில் அது ஆறு மடங்காகத் தெரிந்தது. அவர் கணவர் பிலவேந்திரன் அண்ணனுக்கு இதயத்தில் அடைப்பு. பெங்களூரில் நர்ஸாக இருக்கும் மகள் பிளசி ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டாள்.

"இனிகோ தம்பி, அடுத்த வாரமே பணம் கட்டணுமாம். எம்பங்க மட்டும் வித்துக் குடுத்துரு சாமி," என்றார்.

மறுநாள் மாலை கூட்டத்தின் மற்ற இருபத்துமூன்று பேரும் அரிசி, பழத்தோடு அவர் வீட்டுக்குப் போனோம். யாரும் அதட்டவில்லை. "ஒருத்தரு வெளிய போனா எல்லார் வூடும் முழுகிப்போயிரும் தங்கச்சி," என்று சென்றாயன் அண்ணன் தரையைப் பார்த்தபடி சொன்னார். நான் சொன்னது வேறு.

"ஒம்போது நாளு நவநாள் செபம் வெப்போம்க்கா. அதுவரைக்கும் யாரும் விக்க வேண்டாம். வெலையும் ஏறும், அண்ணனுக்கும் சொகமாவும்."

நவநாள் வேண்டாம் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். கட்டிலில் கிடந்த பிலவேந்திரன் அண்ணனே, "வெச்சிருவோம்," என்றார். பிளசி போனில் கத்தினாள். தேதியைத் தள்ளிப் போடச் சொன்னோம்.

ஏன் ஒன்பது நாள் என்று கேட்பீர்கள். வாங்க ஆள் இருந்தால்தான் இந்தக் காயினை விற்க முடியும். மொத்தமாக விற்பனைக்குப் போட்டால் விலை அன்றே சாய்ந்துவிடும். பாதிக் காயின் என்னிடம் இருந்தது. முகம் தெரியாத வெளியூர்க்காரர்கள் தலையில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட ஒன்பது நாள் தேவைப்பட்டது. காலையில் விற்றேன், மாலையில் ராஜமேரி அக்கா வீட்டில் முழங்காலில் நின்றேன். இரண்டையும் ஒரு நாளும் தவறவிடவில்லை.

ஒன்பதாம் நாள் செபம் முடிந்தபோது அந்தக் காயினுக்கு ஒரு பீடிக்கட்டு விலைகூட இல்லை. பன்னிரண்டாம் நாள் பிலவேந்திரன் அண்ணன் இறந்தார். குழி வெட்டியது, பெட்டி தூக்கியது, மூன்று நாள் சோறு கொண்டுவந்தது எல்லாம் எங்கள் குழுதான். எந்த ஆன்லைன் குழு இதைச் செய்யும்?

எவனோ வெளியூர்க்காரன் விற்றுக் கவிழ்த்துவிட்டான் என்று அவர்களிடம் சொன்னேன். நம்பினார்கள். புகாரில் பிளசியைத் தவிர யாரும் கையெழுத்துப் போடவில்லை, நீங்களே பார்த்தீர்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டம் இன்னும் நடக்கிறது.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் ராஜமேரி அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மூணாம் நாளு, பிளசிகிட்டச் சொல்லி யாருக்கும் தெரியாம வித்துரலாமான்னு மனசுல நெனச்சுட்டேன் தம்பி. நவநாள நான்தான் கெடுத்துட்டனா? அதனாலதான் அவரு போயிட்டாரா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், பிறகு யாரால் என்ற கேள்வி வரும்; அந்தக் கேள்வி வந்தவர் கூட்டத்துக்கு வர மாட்டார். ஒரு ஆளைக்கூட இழக்க எனக்கு மனமில்லை. "விடாம செபம் பண்ணுங்கக்கா, மன்னிப்பு கெடைக்கும்," என்றேன்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் முதல் ஆளாக வந்து பாய் விரிப்பவர் அவர்தான்.