சின்னப் படகைத் தொடாத கண்

நான் தண்ணீரை வடிகட்டித்தான் குடிப்பேன். திண்டிவனத்தில் எங்கள் சமணக் குடும்பத்தில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. வடிகட்டிய துணியைக்கூட அதே கிணற்றுத் தண்ணீரில்தான் அலசிவிடுவோம், அதில் ஒட்டிய சிற்றுயிர் பிழைத்துப்போகட்டும் என்று. வீரசேனன் என்ற பெயருக்குக் கீழே முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் சார்.

கப்பலைத் தேடிப்போய் அடிக்கும் ஏவுகணைக்குக் கண் செய்வது என் வேலை. அந்தக் கண்ணுக்குப் போர்க்கப்பலும் ஒன்றுதான், மீன்படகும் ஒன்றுதான். எனக்கு அது பொறுக்கவில்லை. சின்னதை விட்டுவிட்டுப் பெரியதை மட்டும் பிடிக்கிற கருவி ஒன்றை ஆறு வருஷம் பாடுபட்டுச் செய்தேன். எறும்புக்குப் பாவம் பார்க்கிற சமண நயினாருக்கு இந்த வேலை எதற்கு என்று மேலதிகாரிகள் சிரித்தார்கள்.

எண்பத்தாறு மாசியில் சோதனை. பழைய கப்பல் ஒன்றை இலக்காக நிறுத்தினார்கள். மீனவர் யாரும் கடலுக்குப் போகக்கூடாதென்று கரையெல்லாம் தண்டோரா போட்டார்கள். சின்னதே இல்லாத கடலில் என் கருவி எதை விடும்?

பொம்மையார்பாளையத்து விருத்தாசலம் எனக்குப் பழக்கம். அவருடையது மரப்படகு, ஏவுகணையின் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. முந்தின நாள் நானே போய் அதில் தகரம் அடித்தேன்.

"தகரம் எதுக்குங்க?"

"புயல்ல மாட்டிக்கினா கப்பல்காரங்களுக்குத் தெரியுமில்ல."

"தண்டோரா போட்டுக்கினு போனாங்களே. நாளைக்குப் போலாமாங்களா?"

"அதெல்லாம் வடக்கேங்க. நீங்க தைரியமா போங்க."

படித்தவன் சொன்னால் சரியாயிருக்கும் என்று போனார்.

மறுநாள் திரையில் இரண்டு புள்ளி. சின்னது என்னவென்று அதிகாரி கேட்டார். அலை என்றேன். ஏவுகணையில் வெடிமருந்து கிடையாது, எடைக்கு மணல்தான் வைத்திருந்தோம். படகுக்கு அதன் வேகமே போதுமாயிருந்தது.

விருத்தாசலத்தின் மனைவி அஞ்சம்மாள் கரையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொன்னீங்கன்னுதாங்க போனாரு" என்றாள். எனக்குத் துக்கம் தாளவில்லை. மூன்று நாள் அன்னம் தொடவில்லை.

நான்காம் நாள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கருவியில் பிழை இல்லை சார். தகரத்தை நான் கொஞ்சம் பெரிதாக வெட்டிவிட்டேன், அவ்வளவுதான். இன்னொரு படகு கிடைத்தால் நிரூபித்துவிடுவேன். மீனவர்களுக்காகத்தான் கேட்கிறேன்.