விசிலடிக்காத ஜனமும் வெற்றி சவுண்டு சர்வீஸும்

...தப்பு ஃபுல்லா ஜனத்து மேலதான் நைனா, என் மேல இன்னா தப்பு கீது சொல்லு? நீ குந்து மொதல்ல. அந்த பாக்ஸ் மேலயே குந்து, ஒண்ணும் ஆவாது, ஆயிரம் கல்யாணம் பாத்த பாக்ஸு. மீஞ்சூர்லேர்ந்து ரயிலேறி வந்துகீற. கொயந்தைக்கு காதுகுத்து, மைக் செட்டு வோணும், தேதி கீதான்னு கேக்கற. நாயமான கேள்விதான். ஆனா தேதி எய்தற டைரி என் பொண்டாட்டி பவானியாண்ட கீது. பவானி உள்ள கீறா. அவ என்கூட பேசி ஒம்போது நாளாச்சு. இப்ப நான் யாராண்ட போய் தேதி கேக்கறது?

சண்டையா? அட, சண்டன்னா சந்தோஷப்படுவேனே! இருவத்தாறு வர்ஷமா இந்த ராயபுரத்துல நாங்க போடாத சண்டையா? டோல்கேட் வரைக்கும் கேக்கும், மைக்கே வோணாம். இது அது இல்ல. சோறு போட்றா, கொயம்பு ஊத்தறா, துணி தோய்க்கறா. வாயத்தான் தொறக்க மாட்டேன்றா. எல்லாம் அந்த டேன்ஸு பாக்க வந்த ஜனத்தால.

இன்னா டேன்ஸா? பால்ரூம் டேன்ஸு நைனா. கேட்டதில்லையா? நானும் கேட்டதில்ல. ஆம்பளையும் பொம்பளையும் சோடியா வருவாங்க. இவன் கை அவ இடுப்புல, அவ கை இவன் தோள்ல. அப்டியே தரையில வயுக்கிகினு வயுக்கிகினு சுத்துவாங்க. பின்னாடி தெருவுல ஆண்ட்ரூ மாஸ்டர்னு ஒருத்தர் மாடியில கத்துக்குடுக்கறாரு, எய்வத்தஞ்சு வயசு. கிளாஸு ஆரம்பிச்சு முப்பது வர்ஷம் ஆச்சாம். மண்டபத்துல ஸ்டேஜ் ஷோ, செட்டு நம்மளுது, யார் வோணா வரலாம்னு நோட்டீஸு குட்த்தாரு. பாவம், நல்ல மனுசன். நம்ம ஏரியாவுல போய் யார் வோணா வரலாம்னா யாரு வருவாங்க? எல்லாரும் வருவாங்க!

மொத வரிசையில மளிகக்கட இசக்கிப்பாண்டி அண்ணாச்சி, சம்சாரம் ராமசெல்வியோட. தெக்கத்தி ஆளுங்க, ரொம்ப ஒயுக்கம். மைக்க நிமித்தி வெக்கலாம்னு நான் முன்னாடி போனேனா, அப்ப பாத்து மொத சோடி வந்து நிக்குது. அந்தப் பையன் பொண்ணு இடுப்புல கைய வெச்சான் பாரு, அண்ணாச்சி டபால்னு கண்ண மூடிகினாரு. ஆகா, இன்னா பக்தின்னு பாக்கறேன்... ஒரு கண்ணுதான் நைனா மூடிச்சு! இன்னொண்ணு நல்லா தொறந்து கெடக்குது. அந்தம்மா அவரு தொடையில கிள்ளின கிள்ளு, எனுக்கே வலிச்சுது.

ரெண்டாவது வரிசையில அங்கம்மா. காசிமேட்டுல மீன் ஏலம் கூவற பொம்பள, அதுக்கு நான் செட்டே போட வோணாம். டாங்கோன்னு ஒரு அயிட்டம். அவன் அவள வெடுக்குனு இய்க்கறான், அவ மொறைச்சுகினு திரும்பிக்கறா, மறுபடி இய்க்கறான். அங்கம்மா எய்ந்து நின்னு, "யேய், அது வர மாட்டேன்றது இல்ல? இன்னாத்துக்கு கைய புட்ச்சு இய்க்கற? சண்டையா சமாதானமா, ஒண்ணு சொல்லுங்கடா!"ன்னு கூவுது. பின்னாடி நம்ம ஏரியா பசங்களாண்டேர்ந்து, "அண்ணா வுட்றாதண்ணா, மடங்கிடும்"னு ஒரு சவுண்டு. அவன் அவள அப்டியே தரையாண்ட சாய்ச்சு நிறுத்தினான் பாரு, "அய்யோ, தண்ணி குடுங்க, மயக்கம் போட்டுச்சு"ன்னு அங்கம்மா பாட்லத் தூக்கினு ஸ்டேஜுக்கே ஓடுது! நாலு பேரு புட்ச்சு குந்த வெச்சாங்க. இன்னா ஒரு ரசனையான ஜனம்!

ஆனா அத்த நான் தப்பே சொல்ல மாட்டேன். சத்தம் இருந்துச்சா? இருந்துச்சு. எனுக்கு அதான் வோணும். ஏன்னா நைனா, சவுண்ட ஏத்தி எறக்கற என் மிக்சரு மெசினு எங்க கீது? மண்டபத்துக்கு கடசீல. நான் முப்பது வர்ஷமா பாத்தது ஜனத்தோட முதுகு. மூஞ்சி எப்டி கீதுன்னு எனுக்குத் தெரியாது. காதுல வர்றதுதான். விசிலு வந்தா பாட்டு ஓடட்டும். கைத்தட்டு வந்தா இன்னும் ஒரு பாயிண்டு ஏத்து. கம்முனு ஆச்சுன்னா போச்சு, ஒடனே மாத்திடணும். எண்ணூர்ல ஒரு தபா மாத்தாம வுட்டேன், கம்முனுதான கீறாங்கன்னு. ரெண்டாவது நிமிசம் சேர் பறந்துச்சு. என் பாக்ஸு மேலயே வியுந்துச்சு. நீ குந்திகினு கீற பாரு, அதேதான்... அட, ஒட்டு போட்டுட்டேன், குந்து.

அப்பால கடசி அயிட்டம். ஆண்ட்ரூ மாஸ்டரே வர்றாரு. கோட்டு சூட்டு. கூட அவரு சம்சாரம் ரோஸ்மேரி டீச்சரு. அந்தம்மாக்கு முட்டி ஆபரேசன் ஆயி ஒரு வர்ஷம் கூட ஆவல. பாட்டு ஒண்ணு ஸ்லோவா... தூங்கறதுக்கு போட்ற மாரி. ரெண்டு பேரும் தம்மாத்தூண்டு காலடி எடுத்து வெச்சு சுத்தறாங்க. அந்தம்மாக்கு ஒரு காலு சரியா வரல. அது வர்ற வரைக்கும் அவரு நின்னு, அப்பால தன் கால எடுத்து வெக்கறாரு. அவ்ளோதான் டேன்ஸு! இய்க்கறது இல்ல, சாய்க்கறது இல்ல.

ஜனம் கம்முனு ஆயிடுச்சு.

சும்மா கம்மு இல்ல நைனா. ஃபேன் சுத்தற சத்தம் கேக்குது. அங்கம்மா வாய் மூடிகிச்சு, சரித்திரத்துலயே மொத தபா. நம்ம பசங்க ஒரு விசிலு? இல்ல. சாவு வூட்டுலகூட இதவிட சத்தம் இருக்கும். ஒரு நிமிசம் பாத்தேன், ரெண்டு நிமிசம் பாத்தேன். எண்ணூரு சேர் ஞாபகம் வருது. அப்பதான் பவானி வந்தா. பொம்பளைங்களோட குந்திகினு இருந்தவ, எய்ந்து வந்து எனுக்குப் பின்னாடி நின்னா. நின்னு என் தோள் மேல கைய வெச்சா.

நான் இன்னா நெனைப்பேன், நீயே சொல்லு! இத்தினி வர்ஷமா அவ என் தோள்ல தட்னா ஒரே அர்த்தந்தான். ஜனத்துக்கு போரடிக்குது, பாட்ட மாத்து. சர்தான்னு மாஸ்டரு குட்த்த பென்ட்ரைவ புடுங்கினேன். நம்ம அயிட்டம் ஒண்ணு சொருகினேன். சும்மா ஜிகுஜிகுன்னு குத்து, ஃபுல் பேஸு. ஜன்னல் கண்ணாடி ஆடுது.

ஒருத்தன் ஆடல நைனா. மண்டபமே திரும்பி என்னப் பாக்குது. அப்பதான் மொத தபா மொத்த ஜனத்தோட மூஞ்சியும் பாத்தேன். அண்ணாச்சி துண்டால மூக்க தொடச்சுகினு கீறாரு, ரெண்டு கண்ணும் செவந்து. அங்கம்மா மூஞ்சி ஃபுல்லா ஈரம். பசங்க கூட... நாறப்பசங்க, அவனுங்களும். "யோவ் சவுண்டு, நிறுத்துய்யா!"ன்னு அண்ணாச்சி போட்ட சத்தம் இன்னும் காதுல கீது. நிறுத்திட்டேன். மாஸ்டரு அந்தம்மாவ வுடவே இல்ல, புட்ச்ச புடி புட்ச்சபடி. பாட்டே இல்லாம மீதிய ஆடி முட்ச்சாரு. அப்ப தட்னாங்க பாரு கைத்தட்டு... எய்ந்து நின்னு. அஞ்சு நிமிசம்.

அத்த முன்னாடியே தட்றதுக்கு இன்னா கேடு? அயுவுறவன் கொஞ்சம் சத்தமா அயுவ வோணாமா? ஒரு விம்மலு, ஒரு மூக்கு உறிஞ்சற சத்தம்... அறிகுறி வோணும்ல, செட்டுக்காரனுக்கு! உள்ளுக்குள்ளயே வெச்சுகினா நான் எத்த வெச்சு தெரிஞ்சுக்கறது? அன்னிக்கு வந்த ஜனத்துல மூணு பேரு புக்கிங்க கேன்சல் பண்ட்டானுங்க. பண்ணட்டும். அது போவுது.

பவானியா? அவளும் அயுதுகினுதான் வந்தா போல. எனுக்கு எப்டித் தெரியும், பின்னாடி நின்னா... தட்டலையா? ஆமா, தட்டல. வெச்சாதான். சும்மா வெச்சா. தட்றது வேற வெக்கறது வேறன்னு ஒனக்கு இப்பத் தெரியுது, அந்த டென்சன்ல எனுக்குத் தெரியணுமே?

அவ கைய இன்னா பண்ணேனா? நீ இன்னா நைனா, போலீஸு மாரி கேக்கற... தட்டிவுட்டேன். மிக்சராண்ட குனியணும்ல, குறுக்க இருந்துச்சு. தட்டிவுட்டு, "சனியனே, தள்ளி நில்லு, ஒயர மிதிக்காத"ன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். ஆனா பழைய பாட்டு நின்னு புது பாட்டு வர்றதுக்கு முன்னாடி ஒரு கேப்பு வரும் பாரு, அந்த கேப்புல... என்னாண்ட ஒரு மைக்கு ஆன்ல இருந்துச்சு. நான்தான் ஆஃப் பண்ணல. மண்டபம் ஃபுல்லா கேட்டுச்சு. ஸ்டேஜு வரைக்கும். எக்கோ வேற போட்டு வெச்சிருந்தேன்.

இருவத்தாறு வர்ஷம் நைனா. எத்தினி கல்யாணம், எத்தினி திருவிழா. எல்லாத்துலயும் என் பின்னாடி நின்னு ஒயர் சுத்தினா. தொயிலுக்கு தட்றதத் தவுர, நாலு பேரு முன்னாடி அவ என்னத் தொட்டதே கெடையாது, கூச்சம். அன்னிக்குத்தான் மொத தபா. எனுக்கு வெக்கமா கீது நைனா, யாராண்ட சொல்றது? ஜனத்தத் திட்டிகினு கீறேன், வேற இன்னா பண்றது...

இன்னா, எய்ந்துட்ட? ரயிலா? நேத்து வந்த ஆளும் அதே ரயிலத்தான் சொன்னான். சரி, போ. வேற செட்டு கெடைக்கும், அடுத்த தெருவுலயே ஒருத்தன் கீறான். தொயில் தெரிஞ்சவன்.

...பவானி. யேய் பவானி. அந்த ஆளு பூட்டான். கொஞ்சம் வெளிய வாயேன். யாரும் இல்ல, நான் மட்டுந்தான் கீறேன். கைய வெக்கச் சொல்லல. சும்மா வந்து பக்கத்துல நில்லு.