பூமாரிக்கு வந்த கடிதம்

"ரெண்டு தடவ ஆஸ்பத்திரில கெடந்தாச்சு. அடைப்பே இல்லன்னுட்டான். பெறகு என்னட்டி ஒனக்கு நெஞ்சுவலி?" காளிச்சாமி கத்தினான்.

"நீரு ஒருநாள் கொழுந்துச் சாக்கத் தூக்கிட்டு மேட்டுல ஏறிப் பாரும். அப்பத் தெரியும்!" அவன் பெண்டாட்டி பூமாரியும் விடவில்லை.

சித்திரபுரத்துத் தேயிலை எஸ்டேட் லயத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்தான், சார். காதை வைக்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் வைத்திருந்தேன். என் வீட்டில் வேறு குரல் கிடையாது.

முப்பத்துநாலு வயதில் இரண்டு முறை மாரடைப்பு. அடைப்பு இல்லை என்றதும், வேலைக்குப் போகாமலிருக்க நடிக்கிறாள் என்று லயமே பேசியது. நானும் நாலு வீட்டில் சொல்லியிருப்பேன். பேச்சுக்கு ஏதாவது வேண்டாமா. ஆனால் அவள் வேலைக்குப் போகாத அந்த இரண்டு மாதமும் காலையில் என் அடுப்படியில்தான் உட்கார்ந்திருப்பாள். கட்டன்சாயாவும் ஊர்வம்புமாகப் பொழுது போகும்.

கோட்டயத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு மலையாளக் கடிதமாக வந்தது. புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் அந்த எழுத்து தெரியாது. மகள் மௌனிகா போடியில் மாமன் வீட்டில் இருந்து படித்தாள். எனக்கு மலையாளம் வாசிக்க வரும் என்று பூமாரி என்னிடம்தான் கொண்டுவந்தாள்.

இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று பிறவியிலேயே இடம் மாறி முளைத்து, இரண்டு பெரிய குழாய்களுக்கு நடுவே ஓடுகிறதாம். மேடேறினால் நசுங்குமாம். மறுபடி வந்தால் உயிர் போகலாம், வேலைக்குப் போகாமல் பத்தாம் தேதி ஆப்பரேஷனுக்கு வரவும் என்று எழுதியிருந்தது.

முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள்: "ஆப்பரேசன்னா பெறகு மலை ஆவாது மதினி. போடிக்கே வந்துருன்னு அண்ணன் சொல்லுதாரு."

நான் நிதானமாக வாசித்தேன். "ஒண்ணுமில்லட்டி. மாத்திரைய முடிச்சாப் போதும்னு போட்டிருக்கு."

என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அதே சுவர் வழியாக அவள் புருஷனுக்கும் கேட்கும் என்று நான் யோசிக்கவில்லை. மறுநாளே வேலைக்கு விரட்டிவிட்டான். சாக்கோடு போனவளை வாசலில் நின்று பார்த்தேன். கூப்பிட்டால் காரணம் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் அவள் கொடுத்திருந்தது என் போன் நம்பர். இரண்டு தடவை கூப்பிட்டார்கள். தமிழ்நாட்டுக்குப் போய்விட்டாள் என்றேன். ஒன்பதாம் நாள், நாலாம் நம்பர் தேயிலைக்காட்டு மேட்டில் விழுந்தாள்.

கடிதம் அரிசிப் பானையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

காளிச்சாமி போடிக்குப் போய்விட்டான். மௌனிகா தை மாதம் அங்கேயே ஒரு வேன் டிரைவரைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் பத்திரிகை வைத்தார்கள், நான் போகவில்லை. பூமாரி இங்கே எஸ்டேட் மயானத்தில்தான் இருக்கிறாள். வாரத்துக்கு இரண்டு நாள் போய்ப் பேசிவிட்டு வருகிறேன். அவள் மட்டும்தான் சார், என்னை விட்டுப் போகாதவள்.