மூன்றாம் தேதி அனுப்பிய கட்டுரை

கேட்ட நாளுக்கு முன்பே கட்டுரையை அனுப்பிவிடுவது என் பழக்கம். எந்த அலுவலகத்திலும் சேராமல், வீட்டிலிருந்தே பத்திரிகைகளுக்கு எழுதிப் பதினோரு வருடம் தாக்குப்பிடித்தவள் நான். சொன்ன நாளில் தராதவர்களை இந்தத் தொழிலில் இரண்டாம் முறை கூப்பிட மாட்டார்கள். அந்த நல்ல பழக்கம்தான் என்னை உங்கள் முன்னால் உட்கார வைத்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

மனநலம் பற்றி எழுதுவேன். தூக்கமின்மை, பதற்றம், பிரசவத்துக்குப் பின் வரும் சோர்வு, எல்லாம் டாக்டர்களைக் கேட்டு எழுதினேன். ஒருவரும் சீண்டவில்லை. என் தம்பிக்கு மனச்சோர்வு வந்து, அவனைப் பார்த்துக்கொள்ளும் அக்காவாக, அவன் பெயரை மட்டும் மாற்றி எழுத ஆரம்பித்த பிறகுதான் பத்திரிகை ஆசிரியர் தானாக ஃபோன் செய்தார். வாரம் ஒரு கட்டுரை. கடிதங்கள் குவிந்தன. 'உங்கள் தம்பியைப் படித்துத்தான் நான் மருந்தை நிறுத்தாமல் இருக்கிறேன்' என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். அவளைக் காப்பாற்றியது யார், நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாம் வருடம் அவன் தேறினான். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலைக்குச் சேர்ந்தான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தான். எனக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தட்டுக் கழுவுகிறவனைப் பற்றி வாராவாரம் என்னத்தை எழுதுவது? ஆசிரியர் நாசூக்காகக் கேட்டார். "தம்பிதான் நல்லாயிட்டாரே, தொடரை இந்த மாசத்தோட முடிச்சுக்கலாமா?" அன்றைக்கே அவனும் வந்து நின்றான்.

"அக்கா, என்னைப் பத்தி எழுதறத விட்டுடு. கடையில எல்லாரும் படிக்கிறாங்க. நான்தான்னு தெரிஞ்சுடுச்சு."

"பேரத்தான் மாத்திட்டேனேடா."

"மத்த எல்லாத்தையும் அப்படியே எழுதிட்டு, பேரை மட்டும் மாத்தினா ஆச்சா? மானம் போகுதுக்கா."

மானமாம். பல் தேய்க்கக்கூட எழுந்திருக்காமல் கிடந்தவனை உட்கார வைத்து ஊட்டியவள் நான். எனக்குச் சுருக்கென்றது.

கிழமைக்கு ஒரு அறை வைத்த மாத்திரைப் பெட்டியை ஞாயிறுதோறும் நான்தான் நிரப்புவேன். அக்கா கையிலேயே இருக்கட்டும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். மூன்றாம் தேதி ஞாயிறு, பெட்டியை அவன் மருந்துக்குப் பதிலாக அதே நிறத்துச் சத்து மாத்திரைகளால் நிரப்பினேன். விஷம் ஒன்றும் வைக்கவில்லை. கையோடு உட்கார்ந்து, மறுபடி படுக்கையில் விழுந்த தம்பியைப் பற்றி எழுதினேன். ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு அவன் ஒரு மணி நேரம் அசையாமல் இருந்ததை எழுதினேன். மாதக் கடைசி இதழுக்கு என்று குறித்து அன்றே அனுப்பிவிட்டேன்.

இருபத்தோராம் தேதி கடை முதலாளி அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். யாருடைய கண்ணாடியையோ கையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தானாம். இருபத்து நான்காம் தேதி ஞாயிறு. அன்றைக்கும் பெட்டியில் சத்து மாத்திரைதான் போட்டேன். அடுத்த கட்டுரை பாக்கி இருந்தது. செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் குளியலறைக் கதவை உடைத்து அவனை வெளியே எடுத்தார். உயிர் இருந்தது.

அந்த இதழ் வெளிவந்ததும் ஆசிரியர் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். "இத மூணாம் தேதி அனுப்பியிருக்கீங்க. அவர் படுத்தது இருபத்தொண்ணு. எப்படிம்மா?" இரண்டு வருடமாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டவருக்கு அன்றைக்குத்தான் தேதி கண்ணில் பட்டது. அவர் நேரே டாக்டரிடம் போனார்.

ஆமாம், மாத்திரையை மாற்றியது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். ஆனால் நான் பொய் எழுதினேன் என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. எழுதியதெல்லாம் நடந்தது.

என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறானாம். சின்ன வயதிலிருந்தே அவன் கோபம் இரண்டு நாளைக்குத்தான். கேட்டதையெல்லாம் சொல்லிவிட்டேன், கையெழுத்தும் போடுகிறேன், என்னைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புங்கள். வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?