போன் எடுத்த ஆள்

வெங்காயம் உரிக்கும்போது ஜீவராணிக்குக் கண்ணீர் வராது. எனக்கு வரும். அதனால் இந்த வீட்டில் அந்த வேலை அவளுடையது.

என் பெயர் நாகேஸ்வரி. வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள். வாரப் பத்திரிகைகளில் சிறுகதை எழுதுவேன். சனிக்கிழமைகளில் ஹோலில் கதிரைகளைப் போட்டு, எழுத விரும்புகிறவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். ஜீவராணி மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, என்னோடு தங்கி வேலை செய்கிறாள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். மகள் அனுஷியாவைத் தோட்டத்தில் அண்ணன் சாந்தகுமாரிடம் விட்டிருந்தாள்.

வகுப்பில் நான் அடிக்கடி சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. கதையில் வரும் ஆளுக்குத் தெரியாத ஒன்று வாசிப்பவருக்குத் தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் சோகமாக எதையும் எழுதத் தேவையில்லை. அந்த ஆள் சும்மா தேத்தண்ணி போட்டாலே போதும், வாசிப்பவர் கலங்கிவிடுவார். சொல்வது சுலபம். எழுதும்போது எனக்கே அது வந்ததில்லை. தனுஷியா என்ற மாணவி ஒருநாள் எல்லார் முன்னாலும் சொன்னாள்.

“டீச்சர், உங்கட கதையில வாற அம்மாமாருக்கு எப்பிடியோ முதலே விஷயம் தெரிஞ்சிடுது. முதல் பந்தியிலயே அழத் தொடங்கிடினம்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த கிழமை ஜீவராணியின் போன் வாளித் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. எங்கள் ஒழுங்கை போய்ச் சேரும் காலி வீதியில், கடையொன்றில் திருத்தக் கொடுத்திருந்தாள். அதனால் சாந்தகுமார் என்னுடைய போனுக்கு அழைத்தான். திங்கட்கிழமை காலை.

“மேடம், புள்ளைக்குக் கொஞ்சம் சீரியஸ். தங்கச்சிய ஒடனே அனுப்பி விடுங்க.”

“என்ன செய்யுது?”

“காய்ச்சல்தான் மேடம். ஆஸ்பத்திரியில வச்சிருக்கு. அவ வந்துட்டா நல்லது.”

இப்படியொரு பேச்சின் பொருள் எங்களுக்கு விளங்கும். நாங்கள் சாவைப் போனில் சொல்வதில்லை. யாழ்ப்பாணத்தில் என் அப்பா இறந்தபோது எனக்கும், “கொஞ்சம் கடுமை, வெளிக்கிட்டு வாங்கோ” என்றுதான் சொன்னார்கள். வழியில் பஸ் நின்ற இடத்தில் அவருக்கென்று தோடம்பழம் வாங்கினேன். வீட்டு வாசலில் பந்தலைக் கண்டபிறகுதான் விளங்கியது. ஆனால் ஒன்று. அந்தப் பஸ்ஸில் இருந்தவரைக்கும் எனக்கு அப்பா இருந்தார்.

ஆகவே பிள்ளை போய்விட்டது என்று எடுத்துக்கொண்டேன். போன பிள்ளைக்கு இனி அவசரமில்லை. ஜீவராணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் மகள் இருக்கட்டும் என்று நினைத்தேன். அதைக் கருணை என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன்.

அடுக்களைக்குப் போனேன். அவள் சம்பலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“யாரு மேடம் போன்ல?”

“வகுப்புப் பிள்ளை ஒண்டு.”

கதிரையை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே இருந்தேன். அவள் மகளைப் பற்றிக் கதைத்தாள். தீபாவளிக்கு மகள் நீலக் கவுன் கேட்டிருந்தாளாம். இவள் ரோஸ் நிறத்தில் எடுத்து வைத்திருக்கிறாள்.

“மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா மேடம். ரெண்டு நாளைக்கு. அப்பறம் கழட்டுடின்னாலும் கழட்ட மாட்டா.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்படியொரு சிரிப்பை நான் எந்தக் கதையிலும் எழுதியதில்லை. அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை சாந்தகுமார் மறுபடி அழைத்தான். தங்கச்சி வெளிக்கிட்டாளா என்று கேட்டான். பஸ் கிடைக்கவில்லை, நாளைக்கு வருவாள் என்றேன். பிள்ளை ரெண்டு கரண்டி கஞ்சி குடித்தது என்றான். ஒரு பொய்யை இந்த ஆட்கள் எவ்வளவு கவனமாகக் காப்பாற்றுகிறார்கள் என்று வியந்தேன். கஞ்சியைக் கதையில் சேர்த்துக்கொண்டேன். புதன் காலை அவன் அழைத்தபோது நான் கடைசிப் பந்தியில் இருந்தேன். போனை எடுக்கவில்லை.

மாலையில் கதை முடிந்தது. ஜீவராணியைக் கூப்பிட்டு, பிள்ளைக்குக் கடுமையாம், அண்ணன் இப்போதுதான் அழைத்தான் என்று சொன்னேன். வான் பிடித்துக் கொடுத்தேன். அவள் ரோஸ் கவுனைப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

அனுஷியா அன்று மத்தியானம்தான் இறந்திருந்தாள்.

கருமாதி முடிந்து ஜீவராணி என்னிடமே திரும்பி வந்தாள். அண்ணனோடு பேச்சு இல்லை.

“திங்கக்கெழமையே ஒங்ககிட்டச் சொன்னேன்னு சாமி மேல சத்தியம் பண்றான் மேடம். குடிச்சிட்டு மறந்துபோயி, இப்ப ஒங்க மேல பழி போடுறான். நீங்க வான் புடிச்சுத் தராட்டி நான் புள்ள மொகத்தக்கூடப் பாத்திருக்க மாட்டேன்.”

நான் அவள் தோளைத் தடவிக் கொடுத்தேன். சாந்தகுமார் ஒருநாள் கீழே வந்து நின்றான். நான் வீட்டில் இல்லை என்று, காவலுக்கு நிற்கும் வாச்சரைக் கொண்டு சொல்வித்தேன். அண்ணன் தங்கை சண்டையில் வெளி ஆள் தலையிடுவது சரியில்லை.

கதை பத்திரிகையில் வந்தது: போனில் சாவுச் செய்தி வந்த பிறகும், அது தெரியாமல் மகளைப் பற்றிச் சிரித்துக் கதைக்கும் ஒரு தாயின் கதை. போன சனிக்கிழமை தனுஷியா அதை வகுப்பில் உரத்து வாசித்தாள். முடித்ததும், “இந்த அம்மாவுக்குக் கடைசிவரைக்கும் தெரியாது, டீச்சர்” என்றாள். ஜீவராணி தேத்தண்ணித் தட்டோடு அடுக்களை வாசலில் நின்றாள். எல்லாரும் போனபிறகு கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

“அந்தம்மாவுக்கு ஏன் மேடம் யாருமே சொல்லல?”

“சொன்னால் கதை இல்லை, பிள்ளை.”

“அப்ப போன் எடுத்த ஆளு? அவங்களக் கதையிலயே காணோமே. அவங்க அழலயா?”

அவள் கேட்டது சரி. அந்த ஆளை நான் வேண்டுமென்றே வெளியே விட்டிருந்தேன். அதனால் இப்போது அந்த ஆளையும் சேர்த்து, அந்த ஆளின் வாயாலேயே, முதலிலிருந்து எழுதியிருக்கிறேன்.

அப்படி எழுதும்போது ஒன்றை விட முடியவில்லை. செவ்வாய்க்கிழமை சாந்தகுமார் கதைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஓர் இருமல் கேட்டது. பிறகு ஒரு சின்னக் குரல்.

“மாமா, அம்மாவா?”

ஆஸ்பத்திரியில் எத்தனையோ பிள்ளைகள் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் சாந்தகுமார் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டு, “ஆமா கண்ணு, அம்மா வந்துக்கிட்டே இருக்கு” என்று அதற்குப் பதில் சொன்னான். அனுஷியா உயிரோடு இருக்கிறாள் என்று அப்போது எனக்குத் தெரியும். கதை பாதியில் நின்றது. போனை வைத்துவிட்டு எழுதப் போனேன்.

இது முந்தியதைவிட நல்ல கதை. எதையும் மறைக்கவில்லை. பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். உங்களுக்கெல்லாம் சொல்லிவிட்டதில் மனம் லேசாக இருக்கிறது. ஜீவராணிக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. அவள் பாவம், தாங்க மாட்டாள்.

இப்போதும் அடுக்களையில் சம்பலுக்கு உரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். நான் வாசலில் நின்று பார்க்கிறேன். கொஞ்சநாளாக அவளுக்கும் கண்ணீர் வருகிறது. இந்த முறை வாங்கிய வெங்காயம் காரம் கூட என்று நினைக்கிறேன்.